சோளிங்கர் மலைமேல் பறந்த சாம்பல் விமானமும் குட்டைக்கால் 737உம்

லாங்குபஜார்_பையன் | ஞாயிறு இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். கார்த்திகை ஞாயிறு என்று இன்று குடும்பத்தோடு சோளிங்கர் போயிருந்தோம். அம்மாவும் அத்தையும் ரோப் கார் வரிசையில் நின்றுவிட்டார்கள். நானும் மாமாவும் வீராப்பாகப் படியேறினோம், 1305 படி. பாதிக்கு மேல் ஒரு மண்டபத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது (வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது தனிக்கதை) கிழக்கே இருந்து ஒரு சாம்பல் நிற விமானம் தாழ வந்து, பெரிய வளைவாகத் திரும்பிப் போனது. இரண்டு என்ஜின். சென்னையில் நாம் ஏறுகிற பயணிகள் விமானம் மாதிரியேதான் இருந்தது, ஆனால் ஜன்னல் வரிசை இல்லை. வால் முனையில் குச்சி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. போனில் விமானம் பார்க்கிற ஆப்பைத் திறந்தால் அந்த இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை.

மாமா "நேவி பிளேன்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அரக்கோணம்_பாசஞ்சர் | ஞாயிறு இரவு 9.15

மாமா சொன்னது சரி. எங்கள் ஊர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கிற பி-8ஐ அது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுகிற விமானம். வாலில் பார்த்த குச்சிக்குள் காந்தப்புலம் அளக்கிற கருவி இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் பெரிய இரும்பு ஏதாவது இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணம் வந்தது. முதலில் 8 வாங்கினார்கள், அப்புறம் இன்னும் 4.

இதற்கு முன்னால் இங்கே ரஷ்யாவின் டியூ-142 இருந்தது. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு விசிறி. அது கிளம்பினால் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். 2017இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

பயணிகள் விமானம் மாதிரி என்று நீங்கள் சொன்னது சரியான கண். அது போயிங் 737தான். உடம்பு 737-800, இறக்கை 737-900 வகையைச் சேர்ந்தது. இறக்கை நுனி மட்டும் மேலே மடங்காமல் பின்னால் சரிந்து கூராக இருக்கும்.

லாங்குபஜார்_பையன் | ஞாயிறு இரவு 9.22

737ஆ? அது ரொம்பப் பழைய விமானம் என்று எங்கோ படித்தேனே. 1967 என்று ஞாபகம். என் தாத்தா ஊரீசு காலேஜில் படித்த காலம் அண்ணா! அந்தக் காலத்து விமானத்தையா இப்போது நேவி புதிதாக வாங்குகிறது?

வால்விசிறி | ஞாயிறு இரவு 10.40

தம்பி, வருடம் சரி. 1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சர் ஆனார், ஏப்ரல் 9ஆம் தேதி முதல் 737 பறந்தது. ஆனால் உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது தொலைதூரத்துக்குச் செய்த விமானமே இல்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்ட 707 இருந்தது. நடுத்தர தூரத்துக்கு மூன்று என்ஜின் 727 இருந்தது. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஓடுகிற பாசஞ்சர் மாதிரி, ஒரு மணி நேரம் பறந்து இறங்கி மறுபடி ஏறுகிற வேலைக்கு போயிங்கிடம் ஒன்றும் இல்லை. டக்ளஸ் கம்பெனி டிசி-9, பிரிட்டன் பிஏசி ஒன்-லெவன் என்று அந்தச் சந்தையில் எல்லாரும் முந்திக்கொண்டார்கள். போயிங் கடைசியாக வந்தது. 1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா 21 விமானம் கேட்டது, வேலை தொடங்கியது.

மற்றவர்கள் எல்லாம் என்ஜினை வாலில் வைத்திருந்தார்கள். ஜோ சட்டர் என்ற பொறியாளர் (பிற்பாடு 747 ஜம்போவைச் செய்தவர்) அதை இறக்கைக்குக் கீழே ஒட்டி வைத்துப் பார்த்தார். வால் லேசானது, உள்ளே இடம் கூடியது. 707இன் உடம்பு அகலத்தையே வைத்துக்கொண்டதால் ஒரு வரிசைக்கு ஆறு இருக்கை போட முடிந்தது. டிசி-9இல் ஐந்துதான்.

இதெல்லாம் சரி. எனக்குப் பிடித்தது அதன் கால். 737க்குக் கால் குட்டை. அந்தக் காலத்துச் சின்ன ஏர்போர்ட்டில் ஏணி வண்டியும் இருக்காது, பெட்டி ஏற்றுகிற பெல்ட்டும் இருக்காது. அதனால் விமானத்தைத் தரையோடு தரையாக வைத்தார்கள். படிக்கட்டைக் கதவுக்கு அடியிலேயே மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆள் நின்ற இடத்திலிருந்தே பெட்டியைத் தூக்கிப் போடலாம். அப்போதைய என்ஜின் ஜேடி8டி, முன்பக்க விசிறி ஏறத்தாழ 1 மீட்டர் குறுக்களவு, நீளமாக ஒல்லியாக இருக்கும். குட்டைக் காலுக்கு அது பொருந்தியது.

737 இத்தனை வருடம் ஓடியதும் அந்தக் காலால்தான், பின்னால் பட்ட பாடும் அந்தக் காலால்தான். மீதி நாளைக்கு.

மீனம்பாக்கம்_லோடர் | திங்கள் காலை 6.30

வணக்கம். நான் சொல்லச் சொல்ல பேரன் டைப் செய்கிறான். ஊர் குடியாத்தம். 1978லிருந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டில் லோடர் வேலை பார்த்தவன்.

வால்விசிறி தம்பி சொன்ன குட்டைக் கால் எங்களுக்குத் தெரிந்த சங்கதி. ஏர்பஸ் ஏ300 வந்து நின்றால் மெஷின் வர வேண்டும். மெஷின் வருகிற வரைக்கும் நிழலில் உட்கார்ந்திருப்போம். 737 வந்தால் அந்தப் பேச்சே இல்லை. டிராலியை ஒட்டி நிறுத்தினால் கார்கோ கதவு நெஞ்சு உயரத்தில் இருக்கும். கீழே இரண்டு பேர், உள்ளே இரண்டு பேர். உள்ளே நிமிர முடியாது. முட்டி போட்டுக்கொண்டே பெட்டியைப் பின்னால் தள்ள வேண்டும். முட்டி தேயும் என்று கோணிச் சாக்கை மடித்து எடுத்துப் போவேன். அந்த முட்டி வலி இன்னும் மழைக்காலத்தில் வருகிறது.

ராணிப்பேட்டைத் தோல் கட்டு வந்தால் உள்ளே நாற்றம் தாங்காது. அடுத்த நாள் மல்லிகைப் பூ கூடை வரும். இரண்டும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று. இறங்கியதும் என்ஜின் பின்னால் இரண்டு மடல் திறந்து புகை வாயை மறிக்கும். மீன் செவுளைத் திறப்பது போல இருக்கும். அப்போது வரும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேச்சு காதில் விழாது.

லாங்குபஜார் தம்பிக்கு ஒரு குறி சொல்கிறேன். மேலே போகிறது 737ஆ இல்லையா என்று சந்தேகம் வந்தால் வயிற்றைப் பார். சக்கரத்தை மடக்கினாலும் அதற்குக் கதவு கிடையாது. இரண்டு டயரும் வட்டமாக, கறுப்பாகத் தெரியும்.

லாங்குபஜார்_பையன் | திங்கள் காலை 7.05

அய்யா, இதைத்தான் எதிர்பார்த்தேன்! அடுத்த முறை கட்டாயம் பார்க்கிறேன். நேற்று நாங்கள் மேலே இருந்ததால் வயிறு தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள் மதியம் 1.20

எல்லாரும் 737 புராணம் பாடுகிறீர்கள். குறுந்தூர ஜெட் என்ற யோசனைக்கே அப்பன் பிரான்சின் காரவெல். 1955 மே மாதம் பறந்தது, 1959இல் பயணிகளை ஏற்றியது. என்ஜினை வாலில் வைத்த முதல் பயணிகள் ஜெட் அதுதான். டிசி-9, ஒன்-லெவன், 727 எல்லாம் அதைப் பார்த்து வால் பக்கம் போனவை. இந்தியாவிலும் 737க்கு முன்னால், 1964லேயே இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெலைக் கொண்டுவந்துவிட்டது.

என் பெரியப்பா மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு அதில் போனவர். ஜன்னல் நாலு மூலையாக இருக்காது, முனை மழுங்கிய முக்கோணம். வாலுக்கு அடியில் படி இறங்கும், அது வழியாக ஏறலாம். "உள்ளே சத்தமே இல்லடா, கோயில் மாதிரி இருந்தது" என்பார். என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால் உட்கார்ந்தவருக்கு அப்படி. பாரீசுக்கு மேலே என்ஜினை அடக்கிவிட்டு திஜோன் ஊர் வரைக்கும் சறுக்கியே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல இறக்கை.

நம் ஊரில் பழைய ஆட்கள் அதை வேறு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1976 அக்டோபர் 12, பம்பாயிலிருந்து மெட்ராஸ் கிளம்பிய காரவெலில் என்ஜின் தீப்பிடித்து 95 பேரும் போனார்கள். நடிகை ராணி சந்திரா அதில்தான் இறந்தார்.

வால்விசிறி | திங்கள் மாலை 6.10

காரவெலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மொத்தம் செய்தது 282. 737, 2018லேயே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. காரவெல் காட்டிய வழியில் போன பெரிய விமானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இறக்கைக்குக் கீழ் இரண்டு என்ஜின், காக்பிட்டில் இரண்டு பேர், வரிசைக்கு ஆறு இருக்கை. இப்போது சென்னையில் எந்த கேட்டில் போய் நின்றாலும் இதுதான். ஏர்பஸ் ஏ320உம் இதே கணக்குதான்.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள் மாலை 6.25

எண்ணிக்கையை வைத்துச் செல்வாக்கை அளப்பதென்றால் இட்லியை விட உப்புமா பெரியது என்று ஆகிவிடும். பணக்காரர்கள் வைத்திருக்கிற தனி ஜெட் பெரும்பாலானவற்றுக்கு என்ஜின் எங்கே இருக்கிறது? வாலில். அது யார் போட்ட வழி?

வால்விசிறி | திங்கள் மாலை 6.31

அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உப்புமாவை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாகாயம்_செவிலி | திங்கள் இரவு 9.00

பேச்சுக்குள் நானும் வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. தீ விபத்து வந்தால் வார்டைக் காலி செய்வது எப்படி என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அந்த வகுப்பில் நான் தவறாமல் சொல்கிற கதை ஒரு 737-200 பற்றியது.

1985 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தில் மான்செஸ்டர். விமானம் மேலே எழும்பவே இல்லை. ஓடும்போது இடது என்ஜின் வெடித்து, அதன் துண்டு இறக்கையிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தது. விமானியும் சமாளித்து நிறுத்திவிட்டார். ஆனாலும் 55 பேர் செத்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அவசரக் கதவுக்குப் போகிற இடம் ஒடுக்கம், இருக்கைப் பஞ்சு எரிந்து விஷப்புகை. அதற்கப்புறம்தான் அந்தக் கதவுப் பக்கத்து இருக்கைக்கு இடைவெளி கூட்டினார்கள், இருக்கையில் தீயைத் தடுக்கிற உறை பற்றிக் கறாரானார்கள். எக்ஸிட் வரிசையில் கால் நீட்ட இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த இடம் அப்படி வந்தது.

எங்கள் பழைய வார்டு ஒன்றில் கதவை ஒட்டி ஒரு பீரோ இருந்தது. இந்தக் கதையைச் சொல்லி முடித்த அன்று பிள்ளைகளே அதை நகர்த்திவிட்டார்கள். நான் நாலு தடவை எழுதிக் கொடுத்தும் நகராத பீரோ.

வால்விசிறி | திங்கள் இரவு 9.40

அருமை சிஸ்டர். அதோடு இன்னொரு 737-200ஐயும் சேர்க்க வேண்டும். 1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகள். அலோஹா விமானம் 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மழை இல்லாத நாளில் திறந்த ஜீப்பில் போவது போல, பயணிகள் தலைக்கு மேலே வானம். ஒரு பணிப்பெண் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மீதி 94 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

வயது 19தான். ஆனால் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு இருபது முப்பது நிமிடப் பயணம், நடுவே உப்புக்காற்று. ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி இறக்கும்போது உடம்பு பலூன் மாதிரி கொஞ்சம் உப்பிச் சுருங்கும். ரிவெட் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் வந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. ஆற்காடு டவுன் பஸ்ஸும் சென்னை எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் ஒரே கிலோமீட்டர் ஓடினாலும் கிளட்ச் எதில் முதலில் போகும்? அதே கதை. குறுந்தூர விமானத்துக்கு வயதைத் தடவையில்தான் எண்ண வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பதிந்தது அதற்கப்புறம்தான். பழைய விமானங்களைச் சோதிக்கிற முறையே மாறியது.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள் இரவு 9.52

தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்காத 737 ஒன்றும் உண்டு. 1973 மே 31, மெட்ராஸிலிருந்து டெல்லி போன விமானம் பாலம் ஏர்போர்ட்டுக்கு முன்னால் விழுந்தது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதில் இறந்தார். மொத்தம் 48 பேர்.

லாங்குபஜார்_பையன் | செவ்வாய் காலை 8.15

வால்விசிறி அண்ணா, காலால் பட்ட பாடு என்றீர்களே, அது பாக்கி இருக்கிறது.

வால்விசிறி | செவ்வாய் இரவு 10.05

சொல்கிறேன். 70களில் எண்ணெய் விலை ஏறியதும் எல்லாருக்கும் சிக்கன என்ஜின் தேவைப்பட்டது. சிக்கனம் என்றால் விசிறி பெரிதாக வேண்டும். 1984இல் வந்த 737-300க்கு 1.52 மீட்டர் விசிறி. குட்டைக் காலுக்கு அடியில் அது எப்படி நுழையும்? என்ஜினை முன்னால் தள்ளி, அதன் அடியில் தொங்குகிற சாமான்களை எல்லாம் ஓரத்துக்கு நகர்த்தி, உறையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். 737இன் என்ஜின் வாய் முழு வட்டமாக இல்லாமல், அடியில் அமுங்கிய பணியாரம் மாதிரி இருப்பது அதனால்தான். அந்த வேலையை நான் ரசிப்பேன். கையில் இருக்கிற துணிக்குத் தைத்துக்கொடுத்த தையல்காரர் வேலை.

பிற்பாடு வந்தது 737 மேக்ஸ் என்ற புது வகை. விசிறி 1.76 மீட்டர். இனி அமுக்க இடமில்லை. முன்சக்கரக் காலை 8 அங்குலம் நீட்டினார்கள், என்ஜினை இன்னும் முன்னாலும் மேலேயும் கொண்டுபோனார்கள். மூக்கை ரொம்பத் தூக்கினால் அந்த உறையே காற்றில் பிடித்து இன்னும் மேலே தூக்கப் பார்த்தது. அதைச் சரிக்கட்ட எம்காஸ் என்று ஒரு மென்பொருள் வைத்தார்கள். தானாக மூக்கைக் கீழே அழுத்தும். அது ஒரே ஒரு சென்சார் சொல்வதை நம்பியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியா, 2019 மார்ச்சில் எத்தியோப்பியா. இரண்டு மேக்ஸ் விழுந்து, சேர்த்து 346 பேர் செத்தார்கள்.

1965இல் ஏணி இல்லாத ஏர்போர்ட்டுக்காக எடுத்த முடிவு, ஐம்பது வருடம் கழித்து இப்படி வந்து நின்றது.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய் இரவு 10.30

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாவம், காலை எதற்கு வைகிறீர்கள்? என்ஜின் நகர்ந்தது காலால்தான், சரி. ஆனால் ஒரே சென்சாரை நம்பச் சொன்னது காலா? அந்த மென்பொருள் இருப்பதையே விமானிகளின் புத்தகத்தில் எழுதாமல் விட்டது காலா? பழைய 737 ஓட்டியவர் புதிய சிமுலேட்டர் பயிற்சி இல்லாமலே மேக்ஸ் ஓட்டலாம் என்று விற்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைதான் கொன்றது. கால் குட்டையான விமானத்தை 1967லிருந்து எத்தனையோ பேர் பத்திரமாக ஓட்டியிருக்கிறார்கள்.

வால்விசிறி | செவ்வாய் இரவு 10.48

இரண்டும்தான் என்பேன். ஆனால் நீங்கள் சொன்னதை முதலில் வைத்திருக்க வேண்டும், நான் பின்னால் வைத்துவிட்டேன்.

மீனம்பாக்கம்_லோடர் | புதன் காலை 6.10

எனக்கு என்ஜின் கணக்கு தெரியாது. அந்தக் கால் குட்டையாக இருந்ததால் ஒரு நாளைக்கு நாலு விமானம் கூடுதலாக ஏற்றினோம். அது ஒன்றுதான் தெரியும்.

வால்விசிறி | புதன் காலை 7.20

அய்யா, நீங்கள் சொன்னதை வைத்துத்தான் அமெரிக்காவில் ஒரு தொழிலே பிறந்தது. சவுத்வெஸ்ட் என்ற விமானக் கம்பெனி 1971இல் மூன்று 737-200 வைத்துத் தொடங்கியது. நாலாவது ஒன்று வாங்கி, பணமுடையில் அதை விற்க வேண்டி வந்தது. ஆனால் டைம் டேபிளைக் குறைக்கவில்லை. விமானம் வந்து நின்று பத்தே நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்றார்கள். பெட்டி ஏற்றுபவரிலிருந்து விமானி வரை ஓடினார்கள். மலிவு டிக்கெட் விமானத் தொழில் முழுக்க அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பாகாயம்_செவிலி | புதன் மதியம் 2.00

அதை நான் ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிறேன். முன்பெல்லாம் வங்காளத்திலிருந்து வருகிற நோயாளிகள் ரயிலில் இரண்டு ராத்திரி படுத்து வந்து இறங்குவார்கள். இப்போது காலையில் கொல்கத்தாவில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, சாயங்காலம் இங்கே லாட்ஜில் மீன் குழம்பு வைக்கிறார்கள். எல்லாராலும் முடியாது, ஆனாலும் நிறையப் பேரால் முடிகிறது.

பாலாற்று_மணல் | புதன் மதியம் 2.40

நம் வேலூர் ஏர்போர்ட் இருக்கிற அப்துல்லாபுரத்தில் நேராக 737 இறங்கினால் அவர்கள் சென்னைக்கே போக வேண்டாமே! கரடுமுரடான மண் பாதையிலும் இறங்கும் 737 உண்டு என்று கேள்விப்பட்டேன்.

வால்விசிறி | புதன் மதியம் 3.15

உண்டு. 737-200க்குச் சரளைக்கல் கிட் ஒன்று கொடுத்தார்கள். முன்சக்கரத்துக்கு மேல் கல் தெறிக்காமல் ஒரு தகடு. என்ஜின் வாய்க்கு முன்னால் மீசை மாதிரி ஒரு குழாய், அது காற்றை ஊதி கல்லை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும். வட கனடா, அலாஸ்கா பக்கம் அதனாலேயே அந்தப் பழைய விமானத்தை விடவே மனசில்லாமல் ஓட்டினார்கள். ஆனால் அப்துல்லாபுரத்தில் பிரச்சினை கல் இல்லை, நீளம். அது சின்ன விமானத்துக்கான பாதை.

பாலாற்று_மணல் | புதன் மதியம் 3.20

அந்தச் சின்ன விமானமாவது எப்போது வரும்? எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்!

நெறியாளர் | புதன் மாலை 4.00

அப்துல்லாபுரத்துக்குத் தனி இழை இருக்கிறது, 61 பக்கம் ஓடிவிட்டது. அங்கே போய் அழலாம். இங்கே 737 மட்டும்.

அரக்கோணம்_பாசஞ்சர் | புதன் இரவு 8.30

ராஜாளியில் பயணிகள் விமானம் இறங்கிய கதையைச் சொன்னால் நெறியாளர் திட்ட மாட்டார் என்று நினைக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடியபோது சில நாள் இங்கிருந்துதான் விமானம் விட்டார்கள். ஸ்டேஷனில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் "ஏர்போர்ட் எங்கே" என்று கேட்டபோது, ஆட்டோக்காரர் ஒருவர் "எந்த ஊர் ஏர்போர்ட்டு?" என்று திருப்பிக் கேட்டார்.

லாங்குபஜார்_பையன் | சனி காலை 11.30

இன்று வேலையாக அரக்கோணம் வந்தேன். ஸ்டேஷன் நடைமேடையில் டீயும் கையுமாக நிற்கும்போது அதே சாம்பல் விமானம் தலைக்கு நேர் மேலே, ரொம்பத் தாழ்வாகப் போனது. லோடர் அய்யா சொன்னபடி அண்ணாந்து வயிற்றைப் பார்த்தேன். இரண்டு கறுப்பு வட்டம், கதவே இல்லாமல். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் "சக்கரம் தெரியுது பாருங்க" என்றேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மீனம்பாக்கம்_லோடர் | சனி மதியம் 12.15

ரெண்டு வட்டமும் தெரிந்ததா? அப்போ சரி.